18 மாதக் கெடு நெருங்குகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். கிரீன் கார்டுக்கான பெர்ம் தொழிலாளர் சான்றிதழில் (வேலைக்குத் தகுதியான அமெரிக்கத் தொழிலாளர் கிடைக்கவில்லை என்று அரசின் தொழிலாளர் துறை தரும் சான்று) சிக்கல். வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுக்குத் தனி விதி உண்டு: வந்த விண்ணப்பதாரர்களில் நாமே அதிகத் தகுதியுள்ளவர் என்று காட்டினால் போதும். ஆனால் தேர்வான நாளிலிருந்து 18 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து என்றல்லவா நினைத்திருந்தேன்!

இன்னும் 4 மாதம்தான். அப்புறம் கோப்பைப் பார்த்தால், தேசிய அளவிலான துறை இதழின் இணையதளத்தில் விளம்பரம் 23 நாள்தான் இருந்திருக்கிறது. குறைந்தது 30 வேண்டும். அச்சில் வரவேயில்லை. தேதிகளை மூன்று முறை எண்ணிவிட்டேன்.

மறுபடி ஆளெடுப்பு நடத்திச் சான்றிதழ் வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? துறைத்தலைவரிடம் எப்படிப் பேசினீர்கள்? இல்லை, சான்றிதழே தேவைப்படாத இபி-1பி (சிறந்த பேராசிரியர்கள், ஆய்வாளர்களுக்கான கிரீன் கார்டு பிரிவு) வழிதான் நல்லதா? மகள் இப்போதுதான் பள்ளியில் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.