மறுமொழி: ஆத்தில மீன்குஞ்சு விடுற காசு

தலைவர் அண்ணனுக்கும் எல்லாருக்கும் வணக்கம்,

நம்மட ஊர் ஆத்தில மீன்குஞ்சு விட ஆளுக்கு 150 பிராங் கேட்டு வந்த மடல் பாத்தன். தரமாட்டன் எண்டு சொல்லல்ல, முதல்ல போன வருசம் ஆத்தங்கரையில வெச்ச மருதங்கண்டுட கணக்கைப் போடுங்க. 200 கண்டுக்குக் காசு எடுத்த, மாமிட மகள் தைப்பொங்கலுக்குப் போன நேரம் எண்ணிப் பாத்தவ, நிக்கிறது 11. மத்ததெல்லாம் மாடு திண்டதெண்டா வேலிக்கெண்டு எடுத்த காசு எங்க?

மறுகா இந்த மீன்குஞ்சு. நீங்க விடப்போற கட்லாவும் ரோகுவும் இந்தியாவில இருந்து கொண்டாந்த சாதி, குளத்தில விட்டா நல்லா வளரும், ஆனா அங்க பெருகாது, பிடிச்சு முடிஞ்சா திரும்பக் குஞ்சு வாங்கத்தான் வேணும். நம்மட முந்தனையாத்தில விட்டா மார்கழி வெள்ளத்தோட கடல் பக்கம் போயிரும், நம்மட காசும் அதோடதான்.

ஆத்தில மீன் இல்லாமப் போனது குஞ்சு விடாததாலயா? மாமிட மகள் அனுப்பின வீடியோவைப் பாருங்க. நாம குளிச்ச துறை இப்ப மண் அள்ளின கிடங்கு, ரெண்டாள் ஆழம், கிழட்டு மருதமரம் வேர் வெளியில தொங்கச் சரிஞ்சு கிடக்கு, தண்ணி பால்தேத்தண்ணி மாதிரி. ஆறு இறங்கினா கரைக் கிணறும் இறங்கும்தானே, பெரியம்மாட கிணத்தில பங்குனிக்கே வாளி தரையில முட்டுதாம்.

அந்தத் துறையிலதான் விரால் பார்ப்போட நிக்கும். செக்கச்செவேலெண்டு குஞ்சுக் கூட்டம் மேல வந்து வந்து மூச்செடுக்க, தாய் தகப்பன் கீழ காவல். அந்த நேரம் தூண்டில் போட்டா அப்புட்ட முதுகில ஒண்டு வாங்கத்தான். ராவைக்கு நீர்நாய் விசிலடிக்கிறதும் கேக்கும்.

ஊர்ப் பெருமை எண்டு எழுதின கனடா மச்சான், குஞ்சு விடுற போட்டோவை பேஸ்புக்கில போடுவீங்க, ராவில மண் ஏத்துற ட்ரெக்டரைப் போடுவீங்களா? அதில ரெண்டு ஆர்ர எண்டு இந்தக் குழுவில தெரியாத ஆள் இல்ல. அந்த ட்ரெக்டர்காரர் என்ட கலியாணத்துக்கு வான் தந்தவர்தான், அதுக்காக நான் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கேலா.

கண்டுக் கணக்கு வரட்டும். துறையில மண் அள்ளுறதை நிப்பாட்டச் சொல்லி பிரதேச செயலகத்துக்குக் கடிதம் போட்டா முதல் கையெழுத்து நான் வெக்கிறன், ரெண்டாவது ட்ரெக்டர்காரர் வெக்கட்டும். 150 அதுக்குப் பிறகு.