மறு: புழு சுரக்கும் புரதத்துக்குத் தமிழில் என்ன சொல்?

அன்புள்ள ஐயா, அக்கா, குழு நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஒட்டுண்ணிப் புழுக்கள் வெளிவிடும் புரதம் முதலான பொருட்களுக்குக் "கழிசுரப்பு" (கழிவு + சுரப்பு) என்ற சொல்லை முடிவாக்கி எங்கள் கலைச்சொற் பட்டியலில் ஏற்றிவிடலாம் என்று ஐயா போன கிழமை எழுதியிருந்தார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கேட்கவே இந்த மடல். நீண்டுவிட்டது, மன்னியுங்கள்.

ஒட்டுண்ணிப் புழுக்களைப் பற்றிய ஒரு சுகாதாரத் துண்டுப்பிரசுரத்தின் தமிழ் வரைவை ஒப்புநோக்கும்படி சென்ற மாதம் என்னிடம் தந்தார்கள். அதில் ஒரு வரி: "புழுவின் கழிவு-சுரப்புப் பொருட்கள் விருந்து வழங்கியின் நிர்ப்பீடனத்தைத் தணிக்கின்றன." (விருந்து வழங்கி என்றால் புழு குடியிருக்கும் உடம்பு; நிர்ப்பீடனம் என்றால் நோயெதிர்ப்பு.) அச்சுக்குப் போகமுன் வெளியாள் ஒருவர் வாசித்தால் நல்லது என்று, கொட்டாஞ்சேனையில் எங்களுக்குப் பழக்கமான ஒரு தாயிடம் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார். பிறகு, "அப்ப புழுவின்ர ஊத்தை இரத்தத்தில கலக்கிறதாலதான் வருத்தம் வருதோ?" என்று கேட்டார். அவர் மேல் பிழையே இல்லை. கழிவு என்று எழுதினால் ஊத்தை என்றுதான் விளங்கும்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பார்த்தால் கோளாறு எங்கே என்று தெரியும். புழுக்களை நன்றாகக் கழுவி, போசணைத் திரவத்தில் உயிரோடு வைப்பார்கள். பிறகு புழுக்களை நீக்கிவிட்டு, திரவத்தில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று பார்ப்பார்கள். வாயிலிருந்து வந்தது எது, குடலிலிருந்து வந்தது எது, தோலிலிருந்து கசிந்தது எது என்று பிரிக்க முடியாது. அதனால் கழித்தல், சுரத்தல் இரண்டையும் சேர்த்து ஒரு பெயர் வைத்தார்கள். அது எப்படிச் சேகரித்தோம் என்பதைச் சொல்லும் பெயர். அந்தப் புரதம் என்ன செய்கிறது என்பதை அது சொல்லாது. ஆய்வுக் கட்டுரைக்கு அது போதும், தமிழ் வாசகருக்குப் போதாது.

என்ன செய்கிறது என்பதை நான் முதலில் பார்த்தது கண்ணால்தான். ஆய்வுகூட வேலைக்குச் சேர்ந்த காலத்தில் யானைக்கால் நோய்க்கு இரவில் இரத்தம் எடுக்கப் போவோம். நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் நுளம்பு இரவில்தான் கடிக்கும். அந்த நோய்ப் புழு ஈனும் இளம்புழுக்களும் அந்த நேரத்தில்தான் தோலுக்குக் கிட்டவுள்ள குருதிக் குழாய்களுக்கு வரும். ஒரு துளியை நிறமூட்டாமல் வழுக்கியில் வைத்து நுணுக்குக்காட்டியில் பாருங்கள். கால் மில்லிமீற்றர் நீளமான ஒரு உயிர் சாட்டை மாதிரித் துடிக்கும். செங்குழியங்கள் அதன் முன்னால் சிதறி விலகும். பக்கத்திலேயே வெண்குழியம் ஒன்று கிடக்கும், அசையாது. இரத்தம் தந்த மனிதரோ பகல் முழுக்க வேலை செய்துவிட்டு வந்து கதிரையில் இருந்து கதைத்துக்கொண்டிருப்பார். காய்ச்சல் இல்லை, நோவு இல்லை. காலில் ஒரு முள் தைத்தால் இரண்டு நாளில் சீழ் கட்டும் உடம்பு, இவ்வளவு பெரிய அந்நியன் ஆண்டுக்கணக்காகக் குடியிருந்தும் வாய் திறக்கவில்லை.

(யானைக்கால் நோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இலங்கையிலிருந்து ஒழிந்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதிப்படுத்தியது. அந்தக் காட்சியை இப்போது வரும் பிள்ளைகள் பெரும்பாலும் படத்தில்தான் பார்க்கிறார்கள். நல்லதுதான்.)

உடம்பு ஏன் பேசாமல் இருக்கிறது என்பதற்கு ஆகத் தெளிவான விடை, மனிதப் புழுவிலிருந்து அல்ல, சுண்டெலியின் குடலில் வாழும் ஹெலிக்மோசோமொய்டஸ் என்ற புழுவிலிருந்து வந்தது. அது சுரக்கும் ஒரு புரதத்தை 2017இல் விவரித்தார்கள். எங்கள் உடம்பில் ரி.ஜி.எஃப்-பீற்றா என்று ஒரு சமிக்ஞைப் புரதம் உண்டு. கலத்தின் மேற்பரப்பில் செய்தியை ஏற்கவென்று இருக்கும் வாங்கியில் அது போய் அமர்ந்தால், அடங்கியிரு என்ற செய்தி உள்ளே போகும். புழுவின் புரதமும் அதே வாங்கியில் அமர்கிறது, அதே செய்தியை அனுப்புகிறது. ஆனால் கட்டமைப்பில் இரண்டுக்கும் உறவே இல்லை. புழுவினுடையது வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து துண்டங்கள் கோத்த மாலை. பூட்டுக்குச் சொந்தமான திறப்பைப் பார்த்துப் பிரதி பண்ணாமல், வேறு இரும்பில் வேறு வடிவில் ஒன்று செய்து அதே பூட்டைத் திறந்திருக்கிறது. அதன் பின், தாக்கப் போகவேண்டிய ரி-கலங்கள் (வெண்குழியத்தில் ஒரு வகை) மற்றக் கலங்களை அமர்த்தும் ஒழுங்காக்கும் ரி-கலங்களாக மாறுகின்றன. இது எலிக் கலங்களில் மட்டுமல்ல, மனிதக் கலங்களிலும் நடக்கிறது.

இதை வாசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது பள்ளிக்கூட இலக்கணம். உண்டான் தன்வினை, உண்பித்தான் பிறவினை. இந்தப் புரதம் தானாக ஒன்றையும் கொல்வதில்லை, உடைப்பதில்லை. கலத்தைக் கொண்டு செய்விக்கிறது. அடங்குவது கலம், அடங்கச் சொல்வது புழு. இதற்குத் தமிழில் கைவசமே ஒரு சொல் இருக்கிறது: ஏவல்.

ஆகவே என் முன்மொழிவு: ஏவற்புரதம்.

"ஏவுபுரதம்" என்றால் சுருக்கமாக இருக்குமே என்று கேட்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். ஆனால் ஏவுகணை என்ற சொல் எங்கள் காதில் ஏறியிருக்கிறது. அதைக் கேட்டதும் தாக்குதல் என்றே மனம் போகும், இங்கே நடப்பது அதற்கு நேர் எதிர். "தூதுப்புரதம்" என்றும் யோசித்தேன்; தூது ஆர்.என்.ஏ ஏற்கெனவே பாடப்புத்தகத்தில் இருக்கிறது, பிள்ளைகள் குழம்புவார்கள்.

இன்னொன்று. விருந்து வழங்கி என்பதை விட்டுவிட்டு ஓம்புயிர் என்றே எழுதலாம் என்று தமிழ்நாட்டு நண்பர் கேட்டிருந்தார். இரண்டும் விருந்தோம்பலிலிருந்து வந்தவைதானே. இங்கே படிப்பவர்கள் விருந்து வழங்கி என்று படித்தவர்கள், அதை மாற்ற வேண்டாம். வலிய வந்து ஒட்டியவனுக்கு உடம்பு விருந்து வைக்கிறது என்றால், அதைச் செய்விப்பவை இந்தப் புரதங்கள்தான். அந்தப் பழைய சொல் இப்போதுதான் முழுதாகப் பொருந்துகிறது.

உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.
வெள்ளவத்தையிலிருந்து

* * *

தம்பி,

மடல் கிடைத்தது. கழிவு போகவேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஏவல் என்ற சொல்லும் பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டு தடை.

ஊரில் ஏவல் என்றால் பில்லி, சூனியத்தோடு சேர்த்துச் சொல்வது. உயர்தர வகுப்பில் கரும்பலகையில் இதை எழுதினால் பின் வாங்கிலிருந்து சிரிப்புக் கேட்கும்.

இரண்டாவது பெரியது. எல்லாப் புரதமும் ஏவுவதில்லை. நாய்க் கொளுக்கிப் புழு சுரக்கும் ஒன்று, நடுநிலைநாடி என்ற வெண்குழியத்தின் மேற்பரப்பிலுள்ள ஒட்டும் மூலக்கூற்றைப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கலம் குழாய்ச் சுவரில் ஒட்டி இழையத்துக்குள் வரமுடியாமல் போகிறது. நீங்கள் சொன்ன எலிப்புழுவே இன்னொன்றைச் சுரக்கிறது. காயப்பட்டு இறக்கும் கலம் இன்ரர்லூக்கின்-33 என்ற அபாயச் செய்தியை வெளியே விடும். இந்தப் புரதம் அந்தச் செய்தியை இறந்த கலத்தின் டி.என்.ஏயோடு சேர்த்துக் கட்டிப்போடுகிறது. செய்தி வெளியே போகாது. இவை ஒரு கட்டளையும் இடவில்லையே. வழியில் நின்று தடுக்கின்றன, அவ்வளவுதான். இவற்றை எந்தப் பெயரில் அடைப்பீர்கள்?

தெஹிவளையிலிருந்து அக்கா

* * *

அக்கா,

இரண்டாவது தடையை அப்படியே ஏற்கிறேன். ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடைக்கப் பார்த்தது என் அவசரம். தடுப்பவற்றுக்கு "மறிபுரதம்" என்று வைப்போமா? காலி வீதியில் கை நீட்டி பஸ்ஸை மறிக்கிறோமே, அந்த மறித்தல். வினைத்தொகை, ஒற்று மிகாது. எல்லாவற்றுக்கும் பொதுவாகப் "புழுச்சுரப்பு" இருக்கட்டும்; சேகரித்த திரவத்தைச் சொல்லவும் அதுவே போதும்.

முதல் தடையில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஏவல் வினையைப் பிள்ளைகள் நடு வகுப்புகளிலேயே படித்துவிடுகிறார்கள். "வா", "இரு" என்பது ஏவல் என்று அவர்களுக்குத் தெரியும். சூனியத்தில் சொல்லும் ஏவலும், தூர நின்று இன்னொருவர் உடம்பைத் தன் சொற்படி ஆட்டுவது என்ற பொருளில்தான் வருகிறது. ஊர்ச்சனங்கள் அந்தச் சொல்லில் வைத்திருக்கும் பயமும் இங்கே பொருந்தாமல் இல்லை. சிரிக்கிற பிள்ளை அந்தச் சொல்லை மறக்காது, அக்கா.

நேற்றுப் பின்னேரம் வரியை மாற்றி எழுதிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன்: "குடலில் வாழும் புழுக்கள் சுரக்கும் ஏவற்புரதங்கள், அவற்றை எதிர்க்கவேண்டிய கலங்களையே அடங்கியிருக்கச் செய்கின்றன." அந்தத் தாய் வாசித்தார். "அப்ப பூச்சிக் குளிசை குடிச்சா, புழுவோட அந்த ஏவலும் நிண்டிடுமோ?" என்றார். சுரப்பது செத்தால் சுரப்பும் நிற்கும் என்றேன். அவர் கேட்டது சரியான கேள்வி. முதல் வரைவில் அந்தக் கேள்வி பிறக்க வழியே இல்லை.

ஐயா, புழுச்சுரப்பு, ஏவற்புரதம், மறிபுரதம் மூன்றையும் அந்த எடுத்துக்காட்டு வரியோடு பட்டியலில் ஏற்றிவிடுங்கள். கழிசுரப்பைப் பழைய வழக்கு என்று குறித்தால் போதும், அழிக்க வேண்டாம். அதைத் தேடி வருபவர்களும் இருப்பார்கள்.

ஒன்று மட்டும் தீரவில்லை. குருதிக் குழாயில் வாழும் சிஸ்ரோசோமா மன்சோனி என்ற புழுவின் முட்டை சுரக்கும் ஒமேகா-1 என்ற புரதம் வாங்கியில் அமர்ந்து நிற்பதில்லை, அதன் வழியாகக் கலத்துக்குள்ளேயே புகுகிறது. உள்ளே, புரதம் கட்டும் ரைபோசோமின் ஆர்.என்.ஏயை வெட்டி, கலத்தின் புரதத் தொகுப்பைக் குறைக்கிறது. அதைப் பார்த்தால் மறிபுரதம். ஆனால் அப்படி முடங்கிய கலம் ரி-கலங்களுக்கு வேறு பாடம் சொல்லிக்கொடுக்கிறது, அதைப் பார்த்தால் ஏவல். எனக்கு ஏவற்புரதத்தில் சேர்க்கத்தான் மனம். அக்கா என்ன சொல்கிறீர்கள்?