முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது பலத்த இடி: ஷிப்ட் கிட்டை நானே மாட்டலாமா?

கேள்வி

வணக்கம். ஹூஸ்டனில் 2003-ஆம் ஆண்டு செவர்லே டாஹோ வைத்திருக்கிறேன். 5.3 லிட்டர் வி8 என்ஜின், 4எல்60-இ ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன். காலையில் வண்டியை எடுக்கும்போது கியர்கள் மெத்தென்று மாறுகின்றன. நெடுஞ்சாலையில் சிறிது தூரம் சீரான வேகத்தில் ஓட்டிவிட்டுக் கீழே இறங்கி, சிக்னலில் நின்று புறப்பட்டால், முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும் கணத்தில் பின்னாலிருந்து இன்னொரு வண்டி மோதியதுபோல் இடிக்கிறது. என்ஜினை அணைத்து மறுபடி கிளப்பினால் இடி நின்றுவிடுகிறது. நெடுஞ்சாலையில் ஏறினால் திரும்பவும் வந்துவிடுகிறது. என்ஜின் விளக்கும் எரிகிறது.

ஒரு பட்டறையில் டிரான்ஸ்மிஷனை இறக்கி முழுவதும் பிரித்துச் செய்ய வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை வண்டியின் மதிப்பில் பாதிக்கு மேல் வருகிறது. டிரான்ஸ்கோ நிறுவனத்தின் எச்டி2 ஷிப்ட் கிட்டை (கியர் மாற்றத்தைத் திருத்தும் உதிரிபாகத் தொகுப்பு) வாங்கி வீட்டிலேயே மாட்டினால் இந்த இடி தீருமா? பிரேக், சஸ்பென்ஷன் வேலைகளை நானே செய்து பழக்கம் உண்டு. வால்வு பாடியை (எண்ணெய் அழுத்தத்தைப் பங்கிட்டுக் கியர்களை மாற்றும் வால்வுகள் கொண்ட பகுதி) கழற்றியதில்லை.

மறுமொழி 1

ஐயா, கிட்டை வாங்கும் முன் ஒரு ஸ்கேனரை மாட்டிப் பிழைக் குறியீட்டைப் படியுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அது பி1870 (டிரான்ஸ்மிஷனில் வழுக்கல் என்பதைக் குறிப்பது) ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஷிப்ட் கிட் என்பது அடிப்படையில் கியர் மாற்றத்தை இறுக்கமாக்குவதற்காக உருவானது. வால்வு பாடிக்கும் டிரான்ஸ்மிஷன் கேஸுக்கும் நடுவிலுள்ள பிரிப்புத் தகட்டின் துளைகளைப் பெரிதாக்கி, ஸ்பிரிங்குகளை மாற்றி, கிளட்சும் பேண்டும் (சுற்றும் டிரம்மை இறுக்கிப் பிடிக்கும் பட்டை) சீக்கிரம் பிடிக்குமாறு செய்வதே அதன் வேலை. மெத்தென்று மாறிக்கொண்டிருந்த டிரான்ஸ்மிஷன் திடீரென்று இடிக்கத் தொடங்கினால் எங்கோ ஒரு கோளாறு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் கிட்டை மட்டும் போட்டால், கோளாறும் இருக்கும், இடியும் இருக்கும்.

உங்கள் வண்டியில் நடப்பது அநேகமாக இதுதான். என்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாக டிரான்ஸ்மிஷனுக்குக் கடத்துவது டார்க் கன்வெர்ட்டர். நெடுஞ்சாலை வேகத்தில் இரண்டையும் நேரடியாக இணைக்க, அதற்குள் இருக்கும் லாக்கப் கிளட்ச் பிடிக்க வேண்டும். அதற்கான அழுத்தத்தைக் கணினி துடிப்புத் துடிப்பாகக் கட்டுப்படுத்துவதால், வால்வு பாடியில் உள்ள ஒரு சிறிய ரெகுலேட்டர் வால்வு ஓயாமல் முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருக்கிறது. வால்வு பாடி அலுமினியம் என்பதால் நாளடைவில் அந்த வால்வு ஓடும் துளை தேய்ந்து, அழுத்தம் கசிந்து, லாக்கப் கிளட்ச் வழுக்குகிறது. வழுக்கலைக் கண்டதும் கணினி பி1870-ஐப் பதிந்து, டிரான்ஸ்மிஷனைக் காப்பாற்றுவதற்காக லைன் அழுத்தத்தை (டிரான்ஸ்மிஷனின் முதன்மை எண்ணெய் அழுத்தம்) உச்சத்துக்கு ஏற்றிவிடுகிறது. நீங்கள் உணரும் இடி அந்த உச்ச அழுத்தத்தின் விளைவு. என்ஜினை அணைத்துக் கிளப்பினால் மென்மை திரும்புவதும், நெடுஞ்சாலை ஓட்டத்துக்குப் பிறகே இடி வருவதும் இதனால்தான். இரண்டாவது கியரின் பேண்டிலோ, கியர்களிலோ பழுது இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

மறுமொழி 2

மேலே சொன்னது சரியென்றே நானும் நினைக்கிறேன். ஆனால் இதே தலைப்பைத் தேடி வருபவர்களுக்காக வேறு இரண்டு காரணங்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் 4எல்60-இயில் இடி என்றாலே பி1870 என்று முடிவு கட்டிவிட முடியாது.

குளிர்ந்திருந்தாலும் சூடாக இருந்தாலும், முதலிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது மட்டும் எப்போதும் இடித்தால் 1-2 அக்குமுலேட்டரைப் பார்க்க வேண்டும். பேண்ட் பிடிக்கும் வேகத்தைத் தணிப்பது அதிலுள்ள பிஸ்டனும் ஸ்பிரிங்கும்தான். பிஸ்டன் விரிசல் விட்டாலோ, ஸ்பிரிங் உடைந்தாலோ, தணிப்பு போய் அழுத்தம் முழுவதும் ஒரே அடியாக இறங்கும். ஆயில் பேனையும் ஃபில்டரையும் கழற்றினால் வால்வு பாடியை அசைக்காமலே அக்குமுலேட்டரின் உறையை எடுத்துப் பார்க்கலாம்.

எல்லா மாற்றங்களும் இடித்தால் சந்தேகம் அழுத்தக் கட்டுப்பாட்டு சொலினாய்டின் (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) மேல் போக வேண்டும். அதற்கு மின்னோட்டம் கிடைக்காவிட்டால் அழுத்தம் தானாகவே உச்சத்துக்குப் போகும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். ஆகவே ஓர் ஒயர் அறுந்தாலே போதும். 300 பிஎஸ்ஐ வரை காட்டும் கேஜ் ஒன்றை டிரான்ஸ்மிஷன் பக்கவாட்டில் உள்ள அழுத்தத் துளையில் மாட்டிப் பார்ப்பதுதான் நம்பத்தக்க சோதனை. ஐடிலிங்கில் நிற்கும்போதே முள் மேலேறி நின்றால் கோளாறு அழுத்தத்தில் இருக்கிறது. முள் சரியான இடத்தில் இருந்தும் இடித்தால் அக்குமுலேட்டரிலும் துளைகளிலும் தேட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஸ்கேனரில் பி1870 மட்டுமே வந்தது. அப்படியானால் அந்த வால்வை மட்டும் மாற்றினால் போதுமா, அதை வீட்டில் செய்ய முடியுமா?

மறுமொழி 3

முதலில் டிப்ஸ்டிக்கை இழுத்து எண்ணெயைப் பாருங்கள். கருத்துப்போய்க் கருகிய வாடை அடித்தால், லாக்கப் கிளட்சின் உராய்வுப் பூச்சே எரிந்துவிட்டது என்று கொள்ளலாம். அப்போது வால்வைச் சரிசெய்தாலும் வழுக்கல் நிற்காது, கன்வெர்ட்டரையும் மாற்றியாக வேண்டும். எண்ணெய் சிவப்பாக இருந்தால் வால்வு பாடி வேலையோடு தப்பிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

செய்வதற்கு மூன்று வழிகள் உண்டு. துடிப்புக் கட்டுப்பாட்டைத் தவிர்த்து லாக்கப்பை நேரடியாகப் பிடிக்க வைக்கும் பாகங்களைப் போடலாம்; பி1870 நிற்கும், ஆனால் லாக்கப் பிடிக்கும்போது ஒரு சிறு தட்டு தெரியும். சோனாக்ஸ் நிறுவனத்தின் வால்வை வாங்கி, தேய்ந்த துளையை ரீமர் (துளையை அகலப்படுத்தும் கருவி) விட்டு அகலப்படுத்தி, அதில் பெரிய வால்வைப் பொருத்தலாம். தொழிற்சாலைத் தன்மையை மீட்பதில் இதுவே சிறந்தது. ஆனால் ரீமர் துளையின் நேர்கோட்டிலிருந்து சற்று விலகினாலும் வால்வு பாடி வீணாகிவிடும் என்பதால், முதல்முறை கழற்றுபவர் இதைத் தொடாமலிருப்பதே நல்லது. துளை ஏற்கெனவே சரிசெய்யப்பட்ட வால்வு பாடியை வாங்கி மாட்டுவது மூன்றாவது வழி. உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். உங்கள் ஆண்டுக்கும் மாடலுக்கும் பொருந்துவதையே கேட்டு வாங்குங்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை செக் பால்கள் (எண்ணெய் ஒரே திசையில் போகும்படி வழியை அடைக்கும் சிறு உருண்டைகள்). பழைய வால்வு பாடியை இறக்கும்போது எந்தப் பால் எந்தக் குழியில் இருந்தது என்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்மிஷன் கேஸுக்குள்ளும் ஒரு பால் இருக்கிறது, அது கீழே விழுந்து உருண்டு ஓடிவிடும். திரும்ப ஏற்றும்போது பால்கள் நழுவாமலிருக்கச் சிறிது வாசலின் தடவுங்கள். சாதாரண கிரீஸ் எண்ணெயில் கரையாமல் துளைகளை அடைக்கும். பிரிப்புத் தகட்டின் கேஸ்கெட்டுகள் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், ஒன்று வால்வு பாடிப் பக்கத்துக்கு, மற்றொன்று கேஸ் பக்கத்துக்கு. ஓரத்தில் உள்ள குறியைப் பார்த்து வையுங்கள். போல்ட்டுகளைக் கையால் முறுக்கிவிட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாக, டார்க் ரெஞ்சில் 11 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள். பேனை இறக்கினாலே ஐந்து குவார்ட் அளவுக்கு எண்ணெய் வடியும். டெக்ஸ்ரான் 6 ஊற்றலாம்.

வால்வு பாடி வெளியே இருக்கும் வேளையில் 1-2 அக்குமுலேட்டர் பிஸ்டனையும் மாற்றிவிடுங்கள், அதற்கான செலவு மிகக் குறைவு. எச்டி2 கிட்டை இப்போது சேர்க்க வேண்டாம். இடி நின்றபிறகு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்; கியர் மாற்றம் இன்னும் இறுக்கமாக இருந்தால் தேவலை என்று தோன்றினால், அப்போது போட்டுக்கொள்ளலாம். கனமான டிரெய்லர் இழுப்பவர்களுக்கு அது உண்மையிலேயே பயன்படும்.