ஆக்சிஜனுக்கு இணைதிறன் எலக்ட்ரான் 4-ஆ, 6-ஆ? தம்பிக்கு விளக்கத் தெரியவில்லை

பணகுடி அக்கா:
தம்பி பதினொன்றாம் வகுப்பு. ஆக்சிஜனின் அணு எண் 8, 1எஸ்-ல் 2, 2எஸ்-ல் 2, 2பி-யில் 4 என்று சரியாகத்தான் எழுதினான். ஆனால் கடைசியில் 4 இருப்பதால் இணைதிறன் எலக்ட்ரான் 4 என்று போட்டுவிட்டான், மதிப்பெண் போய்விட்டது. நான் படித்தபோது 2, 6 என்று வட்டம் வரைந்துதான் படித்தோம், அந்த 6 இதில் எங்கே இருக்கிறது என்று கேட்கிறான். போதாததற்கு இணைதிறன் 2 என்றும் புத்தகத்தில் இருக்கிறது. நாளைக்குத் திருப்புதல் தேர்வு, யாராவது சொல்லுங்களேன்.

அம்பை வாத்தியார்:
நிறைய பிள்ளைகள் இடறுகிற இடம்தான் அம்மா இது. எஸ், பி எழுத்துக்கு முன்னால் உள்ள எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள், அதுதான் கூட்டின் எண், நீங்கள் வரைந்த வட்டம்தான் கூடு. 2எஸ், 2பி இரண்டிலும் அது 2, ஆகவே இரண்டும் ஒரே எல் கூடுதான், ஒரு வீட்டுக்குள் இரண்டு அறை. வெளிக்கூட்டில் இருப்பதை எல்லாம் சேர்த்து எண்ண வேண்டும், 2 + 4 = 6. 1எஸ்-ல் இருக்கும் 2 உள்ளே கே கூட்டில் கிடப்பது, அது பிணைப்புக்கு வராது. எல் கூடு நிறைய 8 வேண்டும், இன்னும் 2 குறைகிறது, அதனால் இணைதிறன் 2.

காவல்கிணறு தம்பி:
அண்ணாச்சி சொன்னது சரி. அதோடு 2பி-க்கு மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள் அக்கா. ஹூண்ட் விதிப்படி முதலில் கட்டத்துக்கு ஒன்று, நாலாவது எலக்ட்ரான் முதல் கட்டத்தில் ஜோடி சேரும். மிச்ச இரண்டு கட்டத்தில் ஒற்றையாக நிற்கிறதே, அந்த 2 தான் தண்ணீரில் இரண்டு ஹைட்ரஜனோடு பகிரப்படுவது. நம்ம மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் கிரையோஜெனிக் ராக்கெட் எஞ்சின் சோதனை நடக்கிறதே, அங்கே திரவ ஹைட்ரஜனும் மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கிற திரவ ஆக்சிஜனும் எரிந்து நீராவியாக வருவதும் இதே பிணைப்புதான். பணகுடிப் பிள்ளைக்கு இதைச் சொன்னால் மறக்கவே மறக்காது.

பணகுடி அக்கா:
கட்டம் போட்டதும் பிடித்துக்கொண்டான்! நைட்ரஜன் கொடுத்தேன், 2பி-யில் 3 தான், ஆனாலும் 5 என்று அவனே சொல்லிவிட்டான், ஒற்றை மூன்று, இணைதிறன் 3. இப்போது கந்தகத்தை எழுதிப் பார்த்துவிட்டு, 3எஸ்-ல் 2, 3பி-யில் 4, இதுவும் 6, அதனால்தான் தனிம வரிசை அட்டவணையில் ஆக்சிஜனுக்கு நேர் கீழே வைத்திருக்கிறார்களா என்கிறான்.

அம்பை வாத்தியார்:
ஆமாம்மா, அதேதான். இரண்டும் 16-ஆம் தொகுதி. பையனைச் சீக்கிரம் தூங்கச் சொல்லுங்கள்.