கோர்டியன் எரிந்தது கி.மு. 800இலா, 700இலா?

பானையோடு:
துருக்கியில் அங்காராவுக்குத் தென்மேற்கே, சகார்யா ஆற்றங்கரையில் உள்ள கோர்டியனை பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகம் 1950 முதல் தோண்டிவருகிறது. பிரிஜியர் என்ற பண்டைய அனடோலிய மக்களின் தலைநகர் அது, மன்னன் மைடாஸ் ஆண்ட ஊர். அங்கே கோட்டை முழுக்கத் தீயில் கருகிய ஓர் அடுக்கு உண்டு. அகழாய்வின் முதல் இயக்குநர் ரோட்னி யங் அதை கிம்மேரியர் என்ற நாடோடிகளின் படையெடுப்போடு சேர்த்து கி.மு. 700ஐ ஒட்டி வைத்தார். 2000க்குப் பிறகு அதே அருங்காட்சியகத்தின் குழு, கருகிய தானியத்தின் கார்பன் வயதை வைத்து "இல்லை, கி.மு. 800" என்கிறது. மஸ்கரெல்லா போன்ற தொல்லியலாளர்கள் எழுத்திலேயே எதிர்த்தார்கள், என் கட்சியும் அதுதான். எரிந்த அடுக்கில் கிடைத்த வெண்கல உடை ஊசிகளையும் பெரிய மேட்டுக் கல்லறையில் கிடைத்தவற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நூறு வருட இடைவெளி தெரிகிறதா? கருகிய தானியம் ஒரு பிடியை நம்பி பொருள்களின் பாணி மாறுவதை வைத்து வகுத்த கால வரிசை மொத்தத்தையும் கலைக்க வேண்டுமா?

வளையக்கணக்கு:
//கருகிய தானியம் ஒரு பிடி// அந்தப் பிடிதான் முக்கியம். கட்டிட உத்தரத்தை எடுத்தால் மரம் வெட்டிய வருடம் கிடைக்கலாம், அல்லது அதற்கும் நூறு வருடம் முன் வளர்ந்த உள்வளையத்தின் வயது கிடைக்கலாம். பழைய மரத்தை மறுபடி பயன்படுத்துவதும் சகஜம். வாற்கோதுமை, மைசூர் பருப்பு, ஆளி விதை மூன்றும் அப்படியல்ல. விளைந்து ஓரிரு வருடத்துக்குள் தின்று தீர்ப்பவை. தீப்பிடித்த அன்று அரைக்கவும் சமைக்கவும் இருந்த தொடர்கட்டிடத்தில் கிடந்தவை. அவற்றின் வயதுதான் தீயின் வயது.

பானையோடு:
கி.மு. 750இலிருந்து 400 வரை கார்பன் வளைகோடு (கார்பன் வயதை நாட்காட்டி வருடமாக மாற்றும் கோடு) சமதளமாகக் கிடக்கிறது என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். அங்கே எந்த மாதிரியை வைத்தாலும் முன்னூறு வருட விரிவில்தான் விடை வரும். அதை வைத்து 800 என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்?

வளையக்கணக்கு:
சமதளம் உங்கள் 700க்குத்தான் பிரச்சினை, 800க்கு இல்லை. கி.மு. 800க்கும் 750க்கும் நடுவில் வளைகோடு செங்குத்தாக இறங்குகிறது. அந்தச் சரிவுக்கு முந்தைய மாதிரியும் சமதளத்து மாதிரியும் கார்பன் வயதில் 150 வருடத்துக்கும் மேல் விலகி நிற்கும். மாதிரி 700ஐச் சேர்ந்ததாக இருந்தால் "750க்கும் 400க்கும் இடையே எங்கோ" என்று குழப்பமாக வந்திருக்கும். வந்தது அப்படியல்ல, சரிவுக்கு மேலே போய் நின்றது.

பானையோடு:
சரி, மாசு? யங் காலத்தில் கல்லறை மரச்சாமான்களுக்கு மெழுகும் பெட்ரோலும் ஊற்றினார்கள். வயதைக் கணிக்க அளக்கும் கார்பன்-14 இரண்டிலும் அறவே கிடையாது. 1 சதவீதம் ஒட்டியிருந்தாலும் வயது 80 வருடம் கூடிவிடும். உங்கள் நூறு வருடத்துக்கு ஒன்றேகால் சதவீதம் போதுமே.

வளையக்கணக்கு:
நல்ல கேள்வி, கணக்கும் சரி. ஆனால் மெழுகு ஊற்றியது சாமான் நொறுங்காமல் இருக்க. கருகிய பருப்புக்கு யார் மெழுகு ஊற்றுவார்கள்? அது போக, மாசு எல்லா மாதிரியிலும் ஒரே அளவு ஒட்டாது. வாற்கோதுமையில் அரை சதவீதம், ஆளியில் மூன்று என்று ஏறியிறங்கினால் வயதுகள் சிதறியிருக்கும். அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. அளக்கும் முன் அமிலம், காரம், மறுபடி அமிலம் என்று கழுவுவதும் வழக்கம்: முதல் அமிலத்தில் சுண்ணாம்பு போகும், காரத்தில் மண்ணின் மட்குச் சாறு போகும், கடைசி அமிலம் நடுவில் காற்றிலிருந்து ஏறிய கார்பனை நீக்கும். (மெழுகை இது எடுக்காது, அதற்குக் கரைப்பான் வேண்டும். இதை ஒப்புக்கொள்கிறேன்.)

மண்புழு:
இருவரும் ஆய்வகத்திலேயே நிற்கிறீர்கள், கொஞ்சம் குழிக்குள் இறங்குங்கள். தீக்குப் பிறகு பிரிஜியர்கள் இடிபாட்டை அகற்றவில்லை. அதன் மேல் 4 முதல் 5 மீட்டர் களிமண் கொட்டி, அந்த மேடையில் புதுக் கோட்டை கட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் அந்த அடித்தளக் கற்களுக்காகக் களிமண்ணைக் கிழித்து ஆழமான பள்ளங்கள் எடுத்தார்கள். பள்ளத்தை மூடும்போது மேல்மண் கீழே போகும், அதோடு பிற்கால ஓடும் ஊசியும் போகும். பள்ளத்தின் விளிம்பை நிறமாற்றம் பார்த்துப் பிரிக்கத் தவறினால் "களிமண்ணுக்குக் கீழே கிடைத்தது" என்று பதிவேட்டில் ஏறிவிடும். 1950களில் பெரும் பரப்பை வேகமாகத் திறந்தார்கள். பின்னாளில் அங்கே தோண்டிய மேரி வாய்ட் 1988இல் தொடங்கிச் சிறு பரப்பில் அடுக்கு அடுக்காக இறங்கியதே இதைச் சரிபார்க்கத்தான். பானையோடு சொல்லும் ஊசிகளில் எது மூடிய தரையில் கிடந்தது, எது பள்ளத்து மண்ணில் வந்தது என்று பிரித்த பிறகுதான் பாணியைப் பேச முடியும்.

700இல் இன்னொரு சிக்கலும் உண்டு. யங் கணக்கில் புதுக் கோட்டை கி.மு. 6ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் எழுகிறது. அப்படியென்றால் 150 வருடம் கோட்டை சும்மா கிடந்ததா? அந்த இடைவெளியிலும் சுற்றிலும் மேட்டுக் கல்லறைகள் எழுந்துகொண்டே இருக்கின்றன. புதுக் கோட்டையோ புதைந்துபோன பழையதன் அமைப்பைப் பெரிதும் பின்பற்றுகிறது. 150 வருடம் கழித்து வந்தவனுக்கு மண்ணுக்கடியில் இருந்த வரைபடம் எப்படித் தெரியும்?

பானையோடு:
அந்த 150 வருட வெற்றிடத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் மரத்தின் வளையங்களை எண்ணி வருடம் சொல்லும் உங்கள் கணக்கும் நகர்ந்ததுதானே? பெரிய மேட்டுக் கல்லறையின் ஜூனிப்பர் மரக்கட்டைக்கு 1996இல் கி.மு. 718 என்றார்கள், 2001இல் 740 என்றார்கள்.

வளையக்கணக்கு:
நகர்ந்தது உண்மை, 22 வருடம். வளைய வரிசை மிதந்துகொண்டிருந்தது, அதாவது வளையங்களுக்கு இடையே உள்ள தூரம் துல்லியம், மொத்த வரிசையை நாட்காட்டியில் எங்கே பொருத்துவது என்பதில்தான் ஊசலாட்டம். கூடுதல் கார்பன் அளவைகள் வந்ததும் வரிசை அப்படியே பின்னால் நகர்ந்தது. 22க்கும் 100க்கும் வித்தியாசம் உண்டு. இதன் விளைவையும் பாருங்கள்: அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோனின் ஆவணங்களில் மைடாஸ் கி.மு. 709 வரை உயிரோடு இருக்கிறான். 740ஐ ஒட்டிக் கட்டிய கல்லறையில் அறுபது வயதைத் தாண்டிக் கிடப்பவன் அவனாக இருக்க முடியாது. அவன் தகப்பனாக இருக்கலாம்.

மண்புழு:
அந்தக் கல்லறையைப் பற்றி ஒன்று. 53 மீட்டர் உயர மேட்டை மேலிருந்து வெட்டாமல், எண்ணெய்க் கிணறு துளைக்கும் கருவியால் பல இடங்களில் துளைத்து, கல்லறை அறையை மூடிய கற்குவியல் எங்கே என்று கண்டுபிடித்தார்கள். அறை மேட்டின் மையத்திலேயே இல்லை. மையத்தை நம்பி வெட்டியிருந்தால் கோட்டைவிட்டிருப்பார்கள். 1957இல் பக்கவாட்டில் திறந்த வெட்டு, அதிலிருந்து சுரங்கம், வேலைக்கு ஸொங்குல்டாக் நிலக்கரிச் சுரங்கத்து ஆட்கள். அறைக்குக் கதவே கிடையாது, கட்டைகளை அறுத்துத்தான் நுழைந்தார்கள்.

பானையோடு:
தீக்கு 800 என்பதை இப்போதைக்கு ஏற்கிறேன். ஊசிகளை ஏற்கவில்லை. பள்ளத்து மண், மூடிய தரை என்று பிரித்த பட்டியலை வகைவாரியாக யாராவது இங்கே இடுங்கள், பிறகு பேசுவோம்.