கூத்து வேஷம்: கண்ணாடியில் ஒரு முகம், சபைக்கு ஒரு முகம்

கேள்வி (ஆற்காடு):
கட்டைவேஷத்துக்கு (மரக் கிரீடமும் மர அணிகளும் தரிக்கும் வேஷம்) அவரவரே முகம் எழுதிக்கொள்வதுதான் நம்ம வட ஆற்காட்டுக் கூத்தில் வழக்கம். கைக்கண்ணாடியில் மீசை சமமாக நிற்கிறது, போட்டோவில் ஒரு பக்கம் ஏறித் தெரிகிறது. சபை பார்ப்பது எந்த முகம்? எழுதும்போதே அதைப் பார்க்க வழி உண்டா?

பதில் (காட்பாடி):
போட்டோவில் உள்ள முகம்தான். தினமும் கண்ணாடியில் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சாய்வு உறைக்காது. பக்கம் மாறியதும் அதே சாய்வு பளிச்சென்று தெரியும். மீசை நிஜமாகவே கோணல்தான். ஆனால் செல்ஃபியை நம்பாதீர்கள், கிட்டத்தில் எடுத்தால் மூக்கு பெருக்கும். 2 மீட்டர் தள்ளி வேறொருவர் எடுக்கட்டும்.

பதில் (குடியாத்தம்):
மூலைக்கண்ணாடி செய்துகொள்ளுங்கள். 8 அங்குல அகலம், 12 அங்குல உயரத்தில் 3 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டு. ஒன்றின் விளிம்பு மற்றதன் முகத்தில் முட்டும்படி, மூலமட்டம் (தச்சர் செங்கோணம் பார்க்கும் கருவி) வைத்து 90 டிகிரியில் நிறுத்துங்கள். மூலைக்கு நேரே முகம் வையுங்கள். வலக்கண்ணைச் சிமிட்டினால் உங்கள் இடக்கைப் பக்கமுள்ள கண் சிமிட்டும், எதிரில் ஆள் நிற்பது போலவே. 12 அங்குல உயரத்தில் 24 அங்குல உருவம் தெரியும். கிரீடத்துக்கு அதற்கேற்பக் கணக்குப் போடுங்கள்.

கோணம்தான் உயிர். 1 டிகிரி பிசகினால் முகத்தின் இரு பாதிகளும் 4 டிகிரி விலகும். மூக்கு அகன்று இரட்டித்தால் கோணம் குறைவு, மெலிந்து மறைந்தால் அதிகம். அதனால் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் திருகி நகர்த்த ஸ்க்ரூ வையுங்கள். புளிப்பு வாடை அடிக்கும் சிலிகானால் ஒட்டாதீர்கள், ரசத்தை அரித்துவிடும்.

நடுவில் ஒரு கோடு தெரியும். ரசம் கண்ணாடியின் பின்பக்கம் இருப்பதே காரணம். பழைய ஜெராக்ஸ் மெஷினுக்குள் இருக்கும் நீளக் கண்ணாடிப் பட்டைகளுக்கு முன்பக்கமே பூச்சு; கோடு மெலியும். அகலம் குறைவு, மீசைக்குப் போதும். துணியால் அழுத்தித் துடைத்தால் கீறும்.

பதில் (செய்யாறு):
மூலைக்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே எழுத முடியாது அண்ணே, கை எதிர்ப்பக்கம் போகும். சாதாரணக் கண்ணாடியையும் பக்கத்திலேயே வையுங்கள். எழுதுவது அதில், ஒவ்வொரு கோட்டுக்கும் சரிபார்ப்பது மூலையில். மூக்கு நுனியிலிருந்து இரு மீசை முனைகளுக்கும் நூல் பிடித்து அளக்கலாம். ஆனால் யாருடைய முகமும் இரு பக்கமும் ஒன்றாக இராது, அளவு சரியாக வந்தும் பார்வைக்குக் கோணலாகலாம். அப்போது நூலை விட்டுவிட்டு, மூலையில் தெரிவதற்கு ஏற்ப ஒரு முனையை இறக்குங்கள். விளக்கு இரு பக்கமும் எரியட்டும். ஒரு பக்க வெளிச்சத்தில் நிழல் விழுந்த கன்னத்துக்குப் பூச்சு கூடிப்போகும்.