உறக்க மூச்சுத்தடை: இதயம் தளர்ந்தவங்களுக்கு இந்தச் சொல் சரிவருமா?

தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற ‘ஸ்லீப் ஆப்னியா’வுக்கு நம்ம கலைச்சொல் பட்டியல்ல என்ன தமிழ்ச் சொல் வைக்கறதுன்னு நீங்க கேட்டதுக்கெல்லாம் பதில் இதுங்க.

> “மூச்சுத்தடை”ங்கறது பத்திரிகைலயெல்லாம் வந்து பழகிருச்சு, இனி அதை எதுக்குங்க மாத்தோணும்?

பெருந்துறை ஐயாவுக்கு வணக்கமுங்க. கொறட்டை விட்டுத் தூங்கறவருக்குத் தொண்டை சுருங்கிக் காத்து போகாம நிக்குது பாருங்க, அதுக்கு அந்தச் சொல் நெம்பப் பொருத்தம், அதை யாரும் தொட வேண்டாம். சிக்கல் ஹார்ட் ஃபெயிலியர், அதாவது இதயம் தளர்ந்து ரத்தத்தைச் சரியாத் தள்ள முடியாத ஆளுங்களுக்கு வர்ற இன்னொரு வகைல. அதுல தொண்டை தொறந்தேதான் இருக்கும், மூச்சு இழுக்கச் சொல்லி மூளைல இருந்து உத்தரவுதான் வராது. 10 செகண்டோ அதுக்கு மேலயோ நெஞ்சு அசையாமக் கெடக்கும், அப்புறம் மெதுவா ஆரம்பிச்சுப் பெருசாகி மறுபடி சிறுத்து நின்னுரும். டப்ளின்ல டாக்டருங்க ஜான் செயின் 1818லயும் வில்லியம் ஸ்டோக்ஸ் 1854லயும் எழுதி வச்சது இந்த மூச்சைத்தான். இங்கிலீஷ்ல ‘சென்ட்ரல்’னு சொல்ற, தடையே இல்லாத இதை “மையத் தடை”ன்னு எழுதுனா, எதோட மையம்னு படிக்கறவன் கேப்பானுங்களா இல்லையா?

ஸ்லீப் ஸ்டடில (தூங்க வச்சு மூச்சைப் பாக்கற சோதனைல) நெஞ்சுக்கும் வயித்துக்கும் பெல்ட் கட்டறதே இதைப் பிரிச்சுப் பாக்கத்தானுங்க. அடைப்பு வகைன்னா காத்து வராது, ஆனா நெஞ்சும் வயிறும் முட்டி மோதிக்கிட்டிருக்கும். இன்னொண்ணுல ரெண்டுமே சும்மா கெடக்கும். சில பேருக்கு ரெண்டு வகையும் கலந்தே வரும், அது டாக்டர் பாடு.

> அப்ப “மூச்சடங்கல்” வச்சுக்கலாமே, நல்ல தமிழ்.

நல்ல தமிழ்தானுங்க அக்கா, ஆனா நம்மூர்ல ‘மூச்சு அடங்கிருச்சு’ன்னா ஒறம்பரைக்கெல்லாம் போன் போட்டுருவாங்க. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ல அந்தச் சொல்லைப் பாத்தா வீட்டாளுங்க கதி என்ன ஆகறது. “மூச்சோய்வு”க்கும் அதே கதிதான். கோபித் தம்பி சொன்ன “கும்பகம்” திருமந்திரத்துலயே இருக்கற பழைய சொல், மறுக்கல, ஆனா அது யோகி வேணும்னே அடக்கறது, இங்க நோயாளிக்குத் தான் மூச்சு விடலைன்னே தெரியாது.

வீட்ல ராத்திரி கூடப் படுத்திருக்கறவங்க என்ன சொல்றாங்க? “நின்னு நின்னு வருதுங்க”. அதுலயே வேர் இருக்குதுங்க. நான் முன்வைக்கறது மூச்சிடைநிற்பு. நடுவுல நிக்குது, மறுபடி வருது, ரெண்டும் அதுல அடங்கிருது. பள்ளிக்கூடத்துல இடைநிற்றல்னா திரும்பி வராத புள்ளைங்களைச் சொல்வாங்களேன்னு கேப்பீங்க, அதனாலதான் ‘நிற்றல்’ இல்லாம ‘நிற்பு’ன்னு போட்டேன்.

இப்ப ரெண்டு வகையப் பிரிக்கோணும். ஒண்ணு அடைப்பு மூச்சிடைநிற்பு, சண்டையே இல்ல. இன்னொண்ணுக்கு “மூளை மூச்சிடைநிற்பு”ன்னு ஒருத்தர் எழுதிருந்தாரு, பக்கவாதம்னு பயந்துக்குவாங்க. “ஏவலிலா”ன்னு இன்னொருத்தர், நம்ம பக்கம் ஏவல்னா பில்லி சூனியத்துக்குப் பக்கத்து வீடு, வேண்டாஞ்சாமி. மூச்சுக்கு வேண்டிய உந்தல் வரலைங்கறதுதான் விசயம், அதனால உந்தலிலா மூச்சிடைநிற்பு.

> ரெண்டும் ஒரே மாஸ்க் மெஷின்லதான சரியாகுது, இவ்வளவு பிரிக்கோணுமா?

இங்கதான் தம்பி கோட்டை விடறீங்க. மூச்சுக்கு மூச்சு காத்தழுத்தத்தைத் தானே கூட்டிக் கொறைக்கற மெஷினை இந்த உந்தலிலா வகைக்காரங்களுக்கு வச்சுப் பாத்தாங்க, இடது கீழறை ஒரு துடிப்புக்கு வெளிய தள்ளற ரத்தப் பங்கு 45 சதவீதமோ அதுக்குக் கொறைச்சலோ இருக்கறவங்களுக்கு. சர்வ்-எச்எஃப்ங்கற அந்த ஆய்வு 2015ல வெளிவந்துச்சு, மூச்சு நிக்கற எண்ணிக்கையெல்லாம் அழகாக் கொறைஞ்சுது, ஆனா இதயநோய்ச் சாவு கூடிப்போச்சு. அதுக்கப்புறம் அப்பேர்ப்பட்டவங்களுக்கு அந்த மெஷினை வைக்க வேண்டாம்னு எச்சரிக்கை வந்துச்சு. ரெண்டையும் ஒரே “தடை”ன்னு மொழிபெயர்த்து ஒரு கையேடு போட்டா படிக்கற நர்ஸம்மா என்னன்னு புரிஞ்சுக்குவாங்க?

இந்த உந்தலிலா வகைக்கு வைத்தியம் பாதி இதயத்துல இருக்குது. ஈரிதழ் வால்வு ஒழுகுச்சுன்னா ரத்தம் இடது மேலறைக்குத் திரும்பி நுரையீரல்ல அழுத்தம் ஏறும், அங்க இருக்கற ஜே உணர்விகள் (நம்ம நாட்டு விஞ்ஞானி பைண்டல் 1950கள்ல கண்டது) தூண்டப்பட்டு ஆளு வேகவேகமா மூச்சு விடுவாரு, கார்பன் டை ஆக்சைடு ஒரு அளவுக்குக் கீழ போனதும் மூளை மூச்சையே நிறுத்திரும். தளர்ந்த இதயம் ரத்தத்தை மெதுவாத்தான் தள்ளுது, அதனால சேதி மூளைக்குத் தாமதமாப் போய்ச் சேருது. கெணத்து மேட்டுல மோட்டார், கடைசி வயல் ரொம்பத் தூரத்துல, போதும்னு அங்கிருந்து ஆள் வந்து சொல்றதுக்குள்ள பாத்தி ரொம்பி வழிஞ்சிருக்கும், நிறுத்துனா மறுபடி காஞ்சப்புறம்தான் சேதி வரும், அந்தக் கதைதான்.

அதனால வால்வைச் சரி பண்ணி அழுத்தம் எறங்குனா உந்தலிலா வகை கொறையறதைச் சில சின்ன ஆய்வுகள்ல பாத்திருக்காங்க, தொடை ரத்தக்குழாய் வழியா ஈரிதழ் வால்வுக்குக் கிளிப் போடறதுலயும் சரி, பிரான்ஸ்ல அலைன் கிரிபியே 2002ல தொடங்கி வச்ச, நெஞ்சைத் தொறக்காம மகாதமனி வால்வு வைக்கற முறையிலயும் சரி. தொண்டை அடைப்பு வகை அப்படியேதான் இருக்கும், வால்வுக்கும் அதுக்கும் நேரடிச் சம்பந்தமில்ல பாருங்க. எல்லாருக்கும் கிளிப் ஒத்து வரும்னும் இல்ல, 2018ல வந்த ரெண்டு பெரிய ஆய்வுல கோஆப்ட்ல சாவும் ஆஸ்பத்திரிச் சேர்க்கையும் கொறைஞ்சுது, மித்ரா-எஃப்ஆர்ல ஒண்ணும் வித்தியாசம் தெரியல, யாருக்குப் போடறோம்ங்கறதைப் பொறுத்து.

செயின்-ஸ்டோக்ஸுக்கு “ஏறியிறங்கு மூச்சு”, முழுசா நிக்காமக் கொறைஞ்சு போறதுக்கு “குறைமூச்சு”, இது ரெண்டையும் போன வாரமே யாரும் மறுக்கல, பட்டியல்ல ஏத்திட்டேன்.

> ‘உந்தலிலா’வா ‘உந்தலில்லா’வா?

ரெண்டும் வழக்குல இருக்கறதுதானுங்க, அட்டவணைக் கட்டத்துல அடங்கட்டும்னு சின்னதை எடுத்தேன். இலக்கணம் படிச்ச அவிநாசி டீச்சர் ஒரு வரி போட்டா அப்படியே மாத்திக்கறேன்.